டில்லர் எஞ்சினுக்குப் புது பிஸ்டன், ரிங் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை

சென்ற கூட்டத்தில் பல குழுக்களிலிருந்து ஒரே கேள்வி வந்தது. “டில்லர் எஞ்சின் புகை கக்குது, மெக்கானிக் பிஸ்டன் மாத்தணும்னு சொல்றார், நாங்க என்ன பண்றது?” இந்தக் கேள்வியால் நாங்களும் ஒரு சம்பா பருவத்தைத் தொலைத்திருக்கிறோம். அதனால் இந்த இதழில் பாடம் இதுதான்.

நம் வந்தவாசி வட்டாரத்தில் குழுவாகச் சேர்ந்து பவர் டில்லர் வாங்கி, உறுப்பினர் நிலத்துக்கும் வெளி ஆட்களுக்கும் வாடகைக்கு ஓட்டுவது இப்போது புதிதல்ல. தமிழக அரசின் கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் 2017-18 முதல் ஒரு உற்பத்தியாளர் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் இயந்திரம் வாங்கக் கொடுத்தார்கள். நாங்கள் வாங்கியது வங்கிக் கடனில். மாதத் தவணை வண்டி ஓடினாலும் உண்டு, நின்றாலும் உண்டு. வண்டி நின்றால் தவணை நம் சேமிப்பில் இருந்துதான் போகும். கோரைப்பாய் நெய்து, நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த சேமிப்பு அது.

ஆடி கழிந்து உழவு மும்முரமாக இருந்த நேரம். ஹேண்டில் போட்டால் வண்டி லேசில் பிடிக்கவில்லை. பிடித்தாலும் நீலப்புகை. நாலு நாளைக்கு ஒரு தடவை எஞ்சின் ஆயில் குறைந்தது. ஒரு பட்டறையில் விட்டோம். ரிங் மாற்றிக் கொடுத்தார்கள், பில்லையும் கட்டினோம். பதினைந்தாவது நாள் திரும்ப அதே நீலப்புகை. குழுக் கூட்டத்தில் பெரிய சண்டை. “பொம்பளைங்களுக்கு எதுக்குடி வண்டி, வித்துடலாம்” என்று பாதிப் பேர். கடைசியில் ஒரு தீர்மானம் போட்டோம். வேறு ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவது, ஆனால் இந்த முறை இரண்டு உறுப்பினர்கள் நோட்டும் கையுமாகப் பக்கத்திலேயே உட்காருவது. அந்த நோட்டில் எழுதியதைத்தான் கீழே தருகிறோம்.

முதலில் ரிங் என்றால் என்ன என்று பார்ப்போம். டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி போல ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே வந்து காற்றை நசுக்கும். நசுங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பிஸ்டனுக்கும் லைனர் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் காற்று நழுவாமல் அடைப்பது ரிங். மேலே இரண்டு ரிங் காற்றைப் பிடிக்கும். கீழே இருக்கிற ஆயில் ரிங் சுவரில் ஒட்டிய எண்ணெயை வழித்துக் கீழே தள்ளும். ரிங் தேய்ந்தால் காற்று நழுவும், சூடு வராது, வண்டி பிடிக்காது. எண்ணெய் மேலே ஏறி எரியும், நீலப்புகை வரும். (கரும்புகை வேறு விஷயம். அது ஏர் கிளீனர் அடைப்பாகவோ, அதிக பாரமாகவோ, நாசில் கோளாறாகவோ இருக்கலாம். கரும்புகைக்குப் பிஸ்டன் மாற்றச் சொன்னால் யோசியுங்கள்.)

ரிங் படும் பாடு கொஞ்சம் இல்லை. எங்கள் வண்டி 13 குதிரைத்திறன். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 95 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 2400 சுற்று. கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ரிங் சுவரில் உரசுகிற தூரம் 27 கிலோமீட்டர். எட்டு மணி நேரம் உழுதால் வந்தவாசியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்புகிற தூரம். கணக்குப் போட்டுக் காட்டியதும் எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா, “நம்ம காலை விட அதுக்குத்தான் வலி ஜாஸ்தி” என்றார்.

புது மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்கும் முன்னாடி எங்களை ஹேண்டிலைச் சுற்றச் சொன்னார். டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்காமலே கை லேசாகச் சுற்றியது. நல்ல எஞ்சினில் மேலே வரும்போது ஹேண்டில் முரண்டு பிடிக்கும். வால்வு கசிந்தாலும் இப்படி லேசாகச் சுற்றும். அதனால் எஞ்சின் ஓடும்போது பிரீதர் குழாயைப் பார்த்தார். குப்குப் என்று புகை வந்தது. காற்று ரிங் வழியாகக் கீழே நழுவுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. இந்த இரண்டு சோதனைக்கும் காசு கிடையாது.

ஹெட்டைக் கழற்றி, பக்க மூடியைத் திறந்து, கனெக்டிங் ராடு நட்டைக் கழற்றி, பிஸ்டனை மேலே தள்ளி எடுத்தார். கழற்றும் முன் ராடிலும் அதன் மூடியிலும் இருக்கிற எண்ணைக் காட்டினார். இரண்டும் ஒரே பக்கம் வருகிற மாதிரிதான் திரும்பப் பூட்ட வேண்டும். மாற்றிப் பூட்டினால் பேரிங் போய்விடும்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எங்கள் கண்ணைத் திறந்தது. போன தடவை போட்ட ரிங்கைக் கழற்றி, பிஸ்டன் இல்லாமல் வெறும் ரிங்கை மட்டும் லைனருக்குள் விட்டார். கோணாமல் நேராக உட்கார பிஸ்டன் தலையால் தள்ளினார். ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு சந்து தெரியும். அதில் பீலர் கேஜ் என்கிற மெல்லிய தகட்டை நுழைத்து அளந்தார். லைனரின் அடிப்பாகத்தில் 0.35 மி.மீ. மேலே, முதல் ரிங் வந்து நிற்கிற இடத்தில் 1 மி.மீ. ஒரே ரிங்தான், ஆனால் இரண்டு அளவு. மேலே லைனர் தேய்ந்து அகலமாகிவிட்டது. எவ்வளவு தேய்ந்தது என்று அறிய வித்தியாசத்தை 3.14-ஆல் வகுக்க வேண்டும். 0.65-ஐ வகுத்தால் சுமார் 0.2 மி.மீ. பார்வைக்கு ஒன்றுமில்லை, இரண்டு மூன்று தலைமுடி கனம்தான். ஆனால் ரிங்குக்கு அது பெரிய பள்ளம்.

முதல் பட்டறையில் லைனரை அளக்காமல், தேய்ந்த லைனரிலேயே புது ரிங்கைப் போட்டிருக்கிறார்கள். தெரியாமல் செய்தார்களா, நம்மை எளிதாக எண்ணிச் செய்தார்களா என்று இன்னும் எங்களுக்குள் பேச்சு உண்டு. இன்னொரு தப்பும் இருந்தது. இரண்டாவது ரிங்கைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். ரிங்கின் ஒரு முகத்தில் முனை ஓரமாக TOP என்பதற்கு ‘டி’ எழுத்தோ சின்னப் புள்ளியோ பொறித்திருக்கும். அந்த முகம் மேலே பார்க்க வேண்டும். இரண்டாவது ரிங்கின் வெளிப்பக்கம் லேசாகச் சரிவாக இருக்கும். நேராகப் போட்டால் இறங்கும்போது எண்ணெயை வழித்துக்கொண்டு போகும். தலைகீழாகப் போட்டால் ஏறும்போது எண்ணெயை மேலே வாரிக்கொண்டு போகும். அகப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக் குழம்பு மொள்ளுகிற மாதிரி. புது ரிங் போட்டும் புகை நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்போது ரிங் மட்டும் போதும், எப்போது செட்டாக மாற்ற வேண்டும்? மேலே சொன்ன அளவு எடுத்து, வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள தேய்மான வரம்போடு ஒப்பிட வேண்டும். வரம்புக்குள் இருந்தால் ரிங் மட்டும் போதும். ஆனால் பழைய லைனர் கண்ணாடி போல வழவழப்பாகியிருக்கும். அதில் புது ரிங் ஒட்டாது. ஹோனிங் கல்லால் தேய்த்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழவைக்க வேண்டும். பாய் முடைந்த மாதிரி அந்தக் கோடுகள் தெரியும். அதில்தான் எண்ணெய் தங்கும். ஹோன் செய்தபின் டீசலில் கழுவினால் மட்டும் கல்தூள் போகாது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கருப்பு ஒட்டாத வரை விடக்கூடாது. உடனே எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். இந்தக் கழுவுகிற வேலையை நாங்களே செய்யலாம், செய்தும் காட்டினோம். தேய்மானம் வரம்பைத் தாண்டினால் லைனர், பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்க வேண்டும். எங்களுக்கு அதுதான் ஆனது.

செட் வாங்கும்போது அட்டைப்பெட்டியையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். பிஸ்டன், ரிங் செய்வதில் நம் மாநிலம் பழையது. சென்னை செம்பியத்தில் 1949-லேயே இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. அப்படி இருக்க, பெயர் தெரியாத பெட்டியை மலிவு என்று ஏன் வாங்க வேண்டும்?

புது ரிங்கையும் அப்படியே மாட்டக்கூடாது. ஒவ்வொன்றாகப் புது லைனரில் விட்டுச் சந்தை அளக்க வேண்டும். பொதுவாக 100 மி.மீ. போருக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சட்டம். சந்து அறவே இல்லாமல் இருந்தால் ஆபத்து. சூட்டில் ரிங் நீளும், முனைகள் முட்டும், லைனரைக் கீறும், ரிங் உடையும். சந்து குறைவாக இருந்தால் முனையை மெல்லிய அரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் தேய்த்துச் சரி செய்யலாம். அதிகமாக இருந்தால் ரிங்கைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். எங்கள் செட்டில் அளவு சரியாக இருந்தது. அந்தத் தகட்டைப் பிடித்துப் பார்த்தது எங்கள் உறுப்பினர்தான். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருக்கக்கூடாது, லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிக்கொடுத்தார்.

லைனரின் அடியில் ரப்பர் வளையம் உண்டு. அதில் சோப்புத் தண்ணீர் தடவி, முறுக்காமல் அழுத்தி இறக்கினார். வளையம் மடங்கினால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும்.

பிஸ்டனில் ரிங் போடும் வரிசை கீழிருந்து மேல். முதலில் ஆயில் ரிங்கின் உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங், அதன் மேல் ரிங். ஸ்பிரிங் இணைகிற இடமும் ரிங்கின் சந்தும் எதிரெதிராக இருக்க வேண்டும். பிறகு இரண்டாவது ரிங், கடைசியாக மேல் ரிங். கையால் அகட்டி முறுக்கிப் போட்டால் ரிங் வளைந்துவிடும். அதை விரிக்கிற இடுக்கி இருக்கிறது, இருநூறு முந்நூறு ரூபாய் சாமான். அதைக்கூட வைத்திருக்காத பட்டறையில் எஞ்சினைக் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மூன்று ரிங்கின் சந்துகளையும் ஒரே நேராக நிறுத்தக்கூடாது. ஆளுக்கொரு திசையாக மூன்று பாகமாகப் பிரித்து வைக்க வேண்டும். நேராக நின்றால் காற்றுக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி.

பிஸ்டன் பின் புதிதாக இருந்தால் இறுக்கமாக இருக்கும். சுத்தியலால் அடிக்கவே கூடாது. பிஸ்டனைக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் அலுமினியம் விரிந்து பின் கையாலேயே நுழையும். எங்கள் டீ போடுகிற குண்டானில்தான் கொதிக்க வைத்தோம்! பின்னின் இரண்டு பக்கமும் பூட்டுகிற வட்டக் கிளிப்புகள் புதிதாக இருக்க வேண்டும். பழையதைப் போட்டு அது கழன்றால் லைனரே கிழியும். பிஸ்டன் தலையில் உள்ள குறியைப் பார்த்து, கையேட்டில் சொன்ன பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

உள்ளே விடும்போது பிஸ்டன், ரிங், லைனர் எல்லாவற்றிலும் சுத்தமான எஞ்சின் ஆயில். ரிங்குகளைத் தகட்டுப் பட்டையால் இறுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். தட்டும்போது ஒரு இடத்தில் நின்றால் பலமாக அடிக்காதீர்கள். ரிங் விளிம்பில் மாட்டியிருக்கிறது, வெளியே எடுத்துத் திரும்பப் போடுங்கள். எங்களுக்கு இரண்டாம் தடவைதான் போயிற்று. ராடு நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டின் அளவுக்கு இறுக்கினார். ஒவ்வொரு கட்டத்திலும் கையால் சுற்றிப் பார்த்தார். ஹெட் கேஸ்கட் புதிது. ஹெட் நட்டை மூலைக்கு மூலை மாற்றி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்கினார். கடைசியில் வால்வு இடைவெளி, டீசல் குழாயில் காற்று எடுப்பது.

ஓடத் தொடங்கிய பிறகுதான் பலரும் கெடுக்கிறார்கள். புது எஞ்சின் என்று மணிக்கணக்கில் சும்மா ஐடிலில் ஓட்டுவது தவறு. பாரம் இல்லாவிட்டால் ரிங் சுவரோடு பழகாது, லைனர் வழவழத்துப் போகும். ஆரம்பத்திலேயே சேற்று உழவில் முழு மூச்சாகவும் ஓட்டக்கூடாது. நாங்கள் முதல் சில நாள் புழுதி உழவில் நடுத்தர பாரமாக, நடுநடுவே ஏற்றி இறக்கி ஓட்டினோம். 25 மணி நேரத்தில் ஆயிலை வடித்துப் புது ஆயில் விட்டோம். வடித்த ஆயிலில் மினுமினுப்பாக இரும்புத்தூள் தெரிந்தது. முதல் தடவை அப்படித்தான் வரும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். லைனர் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்ததற்குப் பட்டறை காரணமில்லை, நாங்கள்தான். மல்லாட்டைக்கு உழும்போது செம்மண் புழுதி மேகம் மாதிரி எழும்பும். ஏர் கிளீனரின் அடிக் கிண்ணத்தில் இருக்க வேண்டிய ஆயில் எப்போதோ வற்றி, களிமண்ணாக இறுகிக் கிடந்தது. யாரும் திறந்தே பார்க்கவில்லை. அந்தப் புழுதி நேராக லைனருக்குள் போய் உப்புத்தாள் வேலை செய்திருக்கிறது. இப்போது வாடகை நோட்டில் ஒரு பத்தி கூட்டியிருக்கிறோம். யார் வண்டியை எடுத்தாலும் புழுதி உழவு முடிந்த அன்றே கிண்ணத்தைக் கழுவி ஆயில் மாற்றிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்த நாள் சாவி கிடையாது. முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது.

கழற்றிய பழைய ரிங், தேய்ந்த லைனர், ஒரு பீலர் கேஜ் மூன்றையும் கூட்டமைப்பு அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ரிங்கை லைனரில் மேலேயும் கீழேயும் விட்டு நீங்களே அளந்து பாருங்கள். இரண்டாவது ரிங்கில் மேல்பக்கம் எது என்று கண்டுபிடியுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கொண்டு வரவும். எழுத்து ரொம்பச் சின்னது.