ரசம் சாதம் காத்திருக்கட்டும்

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதல் மாதத்தில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. கையில் ஆஸ்பத்திரி கொடுத்த தாள் இருக்கும், மனதில் பயம் இருக்கும், பசியும் இருக்காது. சிக்கல் தொடங்குவது, ‘இனிமேல் வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம்’ என்று டாக்டர் சொல்லும் நாளில்தான். நம் வீட்டுச் சாப்பாடு குழைவானது, ஈரமானது, சோறு மிகுந்தது. சிறிதாக்கிய வயிற்றை ஏமாற்ற இதைவிடத் தோதான சாப்பாடு கிடையாது. டயட்டீஷியனாக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால் இங்கே பெரும்பகுதி தட்டைப் பற்றியது; மற்றதெல்லாம் சுருக்கம். உங்கள் டாக்டர் உங்களுக்கென்று தனியாக ஏதாவது சொல்லியிருந்தால், அவர் சொன்னதே முடிவு.

1. என்ன ஆபரேஷன் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

“வயித்தச் சின்னதாக்குனாங்க” என்றால் போதாது. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு, ஒரு குழாய் அளவுக்கு விட்டிருப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். வழக்கமான பைபாஸ் என்றால் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை மட்டும்தான் இரைப்பையாக வேலை செய்யும். சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமல் கீழே போகும். இரும்பையும் கால்சியத்தையும் உடல் நன்றாக உறிஞ்சிக்கொள்வது அந்த முதல் பகுதியில்தான். உங்களுடையது எது, எந்தத் தேதியில் நடந்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பத்து வருடம் கழித்துப் பல் பிடுங்கப் போனாலும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

2. முதல் ஆறு வாரம்: தாளில் உள்ளபடி

தெளிந்த நீராகாரம், பிறகு பால், மோர், பருப்புத் தண்ணீர், அதன் பிறகு மசித்தது, கடைசியில் மென்மையானது. இந்த வரிசையில் ஒரு வாரத்தைக்கூடத் தாண்டிக் குதிக்காதீர்கள். உள்ளே தையல் ஆற வேண்டும், அவசரப்படுத்த வழியில்லை. வீட்டுக்குள் நடப்பதை முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள்.

3. வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புவது

இங்கேதான் நிதானம் வேண்டும்.

ரசம் சாதம், குழைந்த தயிர்சாதம், பொங்கல், கஞ்சி எல்லாம் சிறிய இரைப்பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அரை மணி நேரத்தில் மறுபடி இடம் காலி. அதே வயிற்றுக்குள் இரண்டு துண்டு மீனோ ஒரு பிடி சுண்டலோ நன்றாக மென்று போனால், இரண்டு மூன்று மணி நேரம் வேறெதையும் கேட்காது. “கொஞ்சந்தான் மேடம் சாப்பிடறேன், எடை நின்னுபோச்சு” என்று வருபவர்களிடம் ஒரு நாள் சாப்பாட்டை எழுதச் சொன்னால், காலையில் சத்துமாவுக் கஞ்சி, பதினோரு மணிக்கு ஜூஸ், மதியம் ரசம் சாதம், மாலை காபியில் நனைத்த ரஸ்க், இரவு பால்சாதம் என்று வரும். ஒவ்வொன்றும் கொஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் மெல்லும்படி ஒன்றுமில்லை, புரதமும் பேருக்குத்தான். மிக்சர், முறுக்கு, சிப்ஸ் மொறுமொறுப்பாக இருந்தாலும் அதே ஜாதி. வாயில் போட்டதும் மாவாகி இறங்கிவிடும், கணக்கே தெரியாது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் புரதம், அடுத்து காய், இடமிருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சோறு. சோற்றில் பிசையாதீர்கள். பிசைந்துவிட்டால் எது எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. பருப்பைக் கெட்டியாகத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஆறு பேருக்கு வைத்த சாம்பாரில் எத்தனை பிடி பருப்பு போட்டீர்கள் என்று சமைத்தவரைக் கேட்டுப் பாருங்கள்.

நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. உடல்வாகைப் பொறுத்து 80 வரை சொல்வார்கள். ஒரு முட்டையில் 6 கிராம். சமைத்த மீன் 70 கிராமில் ஏறக்குறைய 14. பனீர் 50 கிராமில் 9. அரைக் கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 7. ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7. ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் அதே அளவுதான். இட்லி ஒன்றில் சுமார் 2. காலையில் இரண்டு முட்டைப் பொடிமாஸ், மதியம் மீன், மாலையில் சுண்டலும் பாலும், இரவில் பனீர் என்று ஒழுங்காகச் சாப்பிட்டால்கூட ஏறக்குறைய 50 தான் வருகிறது, பார்த்தீர்களா? முதல் சில மாதங்களுக்குப் புரதப் பவுடர் தேவைப்படுவது இதனால்தான். சுவை சேர்க்காத வே புரோட்டீனாக வாங்குங்கள். வெனிலாவும் சாக்லேட்டும் ஒரு வாரத்தில் திகட்டி, டப்பா அலமாரிக்குப் போய்விடும். மோரில் உப்பும் பெருங்காயமும் போட்டுக் கலந்தால் தினமும் குடிக்கலாம். கொதிக்கும் ரசத்தில் போடாதீர்கள், திரிந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். பிள்ளைகளுக்கு வாங்கும் ஹெல்த் டிரிங்க் இதற்கு மாற்றாகாது. அதில் பெரும்பங்கு மால்ட்டும் சர்க்கரையும்.

சைவம் என்றால் கணக்கு இன்னும் இறுக்கம். மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பொடிமாஸ் மாதிரி வதக்குங்கள். உலர்ந்த நிலையில் 25 கிராம் எடுத்தால் 13 கிராம் புரதம். முழு உருண்டையாகப் போட்டால் ரப்பர் மாதிரி நிற்கும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தால், அதே கிண்ணத்தில் கிட்டத்தட்ட இரண்டு பங்கு சத்து.

அளவுக்கு, சிறு கிண்ணமும் டீஸ்பூனும். பெரிய தட்டில் கொஞ்சமாகப் பரிமாற விடாதீர்கள். பரிமாறுகிறவர் மனசு தாங்காது, இன்னொரு கரண்டி விழும். ஒரு வாய் வைத்தால் கூழாகும்வரை மெல்லுங்கள், விழுங்குங்கள், ஸ்பூனைக் கீழே வையுங்கள். இருபது முப்பது நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். டி.வி. பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் கொறிப்பது சாப்பாட்டில் சேராது.

நிறுத்த வேண்டிய இடத்தை உடம்பே சொல்லும். சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல், சிலருக்கு மூக்கில் நீர், பலருக்கு நெஞ்சுக்கு நடுவே லேசான அழுத்தம். உங்களுக்கு எது என்று ஒரு வாரத்தில் பிடிபடும். அதற்கு மேல் ஒரு வாய்கூட வேண்டாம். வீணாகிறதே என்று வழித்துப் போடும் வாய்தான் வாந்தியாக வரும். பரோட்டா, பிரெட், ஆறி இறுகிய சோறு, காய்ந்த சிக்கன், முருங்கைக்காய் நார், ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவை அடைத்துக்கொள்ளும் பேர்வழிகள். அடைத்துவிட்டால் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். நுரை நுரையாக மேலே வரும். எழுந்து மெதுவாக நடங்கள், இறங்கும். இறங்காமல் வலித்தாலோ, எச்சில்கூட விழுங்க முடியாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

4. தண்ணீருக்குத் தனி நேரம்

சாப்பிடுவதற்குக் கால் மணி முன்பு நிறுத்தி, சாப்பிட்டு அரை மணி கழித்துத் தொடங்குங்கள். நடுவில் ஒரு மடக்கும் கிடையாது. தட்டுக்குப் பக்கத்தில் சொம்பு வைக்கும் பழக்கமே இருக்கக் கூடாது. இருந்தால் கை போகும். மீதி நேரமெல்லாம் சிறு மடக்காக நாளுக்கு ஒன்றரை லிட்டராவது போக வேண்டும். அண்ணாந்து கடகடவென்று குடிப்பது இனி நடக்காது, வாய் வைத்துச் சப்பிக் குடியுங்கள். முதல் வாரங்களில் பலரை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது நீரிழப்புதான், அதுவும் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். சோடா, கோலா வேண்டாம். காபி, டாக்டர் அனுமதித்த பிறகு, சர்க்கரை இல்லாமல், நாளுக்கு ஒன்று. இரண்டாவது காபிக்கு என்னிடம் அனுமதி கேட்காதீர்கள்.

5. மாத்திரைகள்: ஆயுளுக்கும்

எடை இறங்கியதும் முதலில் கைவிடப்படுவது இவைதான். மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி, பி12, பலருக்கு இரும்பு. கால்சியம், சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து, நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம். ஒரே வேளையில் போட்டால் உடல் ஏற்காது, 500 வீதம் பிரித்துப் போடுங்கள். கடையில் கார்பனேட்டைக் கொடுத்தால் வாங்காமல் சிட்ரேட் கேளுங்கள். கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் தேவை, அது உங்களிடம் இப்போது குறைவு. இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போடவே கூடாது. என் வழக்கம்: காலையில் மல்டிவைட்டமின், மதியமும் இரவும் கால்சியம், மாலையில் இரும்பு. செல்போனில் அலாரம் வைத்துவிடுங்கள், ஞாபகசக்தியை நம்ப வேண்டாம்.

“முருங்கைக்கீரை சாப்பிடறேனே, எதுக்கு மாத்திரை?” என்பார்கள். கீரை நல்லதுதான். கால் கிண்ணக் கீரையால் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது, அவ்வளவுதான். 3, 6, 12 மாதங்களில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் வருடம் ஒருமுறை. நன்றாக இருக்கிறேனே என்று தள்ளிப்போடாதீர்கள். பி12 குறைவது வெகுநாள் வெளியே தெரியாது.

6. பழைய மாத்திரைகளைக் கேட்டு மாற்றுங்கள்

சுகர், பிரஷர் மாத்திரைகளின் தேவை வேகமாகக் குறையலாம். பழைய அளவையே போட்டால் மயக்கம் வரும். நீங்களாக நிறுத்துவதும் தப்பு. வீட்டில் அளந்து, எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வலிக்கென்று டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பு வைத்த இடத்தில் புண் வரலாம். பாராசிட்டமால் போதாவிட்டால் டாக்டரைக் கேளுங்கள். சிகரெட்டும் அதே புண்ணுக்கு வழி. மது முன்னைவிட வேகமாக ஏறும், அதிக நேரம் நிற்கும், விட்டுவிடுங்கள்.

7. பயப்பட வேண்டாதவை

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும். எடை வேகமாக இறங்கும்போது நடப்பதுதான். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் நின்று, திரும்ப வளரும். எண்ணெயை மாற்றிப் பயனில்லை. நடுவில் இரண்டு மூன்று வாரம் எடை அசையாமல் நிற்கும், அதுவும் சகஜம். வாரம் ஒருநாள் மட்டும் எடை பாருங்கள்.

பெண்களுக்கு ஒன்று. எடை இறங்கியதும் ஒழுங்கில்லாமல் இருந்த மாதவிடாய் சீராகி, கரு தரிப்பது எளிதாகலாம். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது, வேறு முறையை டாக்டரிடம் பேசுங்கள்.

8. கல்யாணப் பந்தி

வீட்டிலேயே புரதத்தை முடித்துக்கொண்டு போங்கள். பந்தியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டுமென்றால் ஓரத்து இடமாகப் பாருங்கள். இலையில் காய்களை வாங்கிக்கொண்டு சோற்றுக்குக் கையை மறித்துக் காட்டுங்கள். பாயசமும் ஜாங்கிரியும் பைபாஸ்காரர்களுக்குப் பொல்லாதவை. அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, பேதி வரலாம். அது தப்பினாலும் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சுகர் சட்டென்று இறங்கலாம். ஸ்லீவ்காரர்களிலும் சிலருக்கு வரும்.

“என்னடி இது, கோழி கொத்துற மாதிரி” என்று அத்தை கேட்பார். நீளமாக விளக்கம் சொல்லாதீர்கள், விளக்கம் சொன்னால் விவாதமாகும். “வயிறு ரொம்பிடுச்சு அத்தை, இதுக்கு மேல போட்டா வாந்தி வந்துடும்” என்றால் எந்த அத்தையும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

9. உடனே ஓட வேண்டியவை

முதல் வாரங்களில் உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோளில் வலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம். எப்போதானாலும் கறுப்பாக மலம் போவது. இரண்டு மூன்று நாள் தொடரும் வாந்தியை ‘ஒத்துக்கல’ என்று விடாதீர்கள். அதில் தயமின் என்ற பி1 தீர்ந்து, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிவதும் நடை தள்ளாடுவதும் வந்தால் மூளை பாதிக்கப்படுகிறது என்று பொருள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே பர்ஸில் உள்ள சீட்டைக் காட்டித் தயமினைப் பற்றிக் கேளுங்கள்.

10. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு

எடையில் பெரும்பகுதி முதல் 12 முதல் 18 மாதங்களில் இறங்கிவிடும். பிறகு பசி மெல்லத் திரும்பும், வயிறும் முன்னைவிடக் கூடுதலாக ஏற்கும். கொஞ்சம் எடை ஏறுவது பலருக்கும் நடக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருப்பவர்களுக்குத்தான் நிறைய ஏறுகிறது. மூன்று கிலோ கூடியதும் மூன்று நாள் சாப்பாட்டை, காபி முதற்கொண்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். மெல்லாமல் உள்ளே போனவற்றையெல்லாம் அடிக்கோடிடுங்கள். அந்த நோட்டோடு வந்தால் பத்து நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம். பாதிப் பேர் வருவதற்குள் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.