சிறுவர் உள்ளமும் அவசர சிகிச்சையும்

நள்ளிரவில் பிள்ளைக்கு ஆபத்து என்றால் நாம் ஓடுவது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே. அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டு உண்டு. வலிப்புக்கு ஊசி உண்டு. உள்ளம் நொந்து வரும் பிள்ளைக்கு என்ன உண்டு? இதைச் சிந்திக்கும்படி எனக்கு நேர்ந்தது சென்ற ஆண்டில்தான்.

நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. தந்தையார் வேலையின் பொருட்டு வெளியூர் சென்றிருந்த ஓரிரவு, அவ்வீட்டு அக்காள் கதவைத் தட்டி, "தம்பி, பையனுக்கு மூச்சு முட்டுகிறது. எனக்குத் தெலுங்கு வராது, கூட வா" என்றார். பையனுக்குப் பதினான்கு வயது. நெஞ்சு படபடக்க, விரல்கள் மரத்துப் போக, "செத்துப்போவேன்" என்று நடுங்கினான். ஆட்டோ பிடித்து ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், யாவும் சரியாகவே இருந்தன. "ஏமீ லேது" என்றார் இளம் டாக்டர். "ஒன்றுமில்லையாம்" என்று நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் படியிறங்கும்போது பையன் என் கையைப் பற்றிக்கொண்டு, "அண்ணா, நாளைக்கும் இப்படி வருமா?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் விடை இல்லை.

அவனுக்கு வந்தது பெரும்பாலும் பீதித் தாக்குதலாக இருக்கலாம் என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். கேடு ஒன்றும் இல்லாதபோதே உடல் அபாயச் சங்கை ஊதிவிடுகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் விரைகிறது. மூச்சை மிகையாக வாங்குவதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. விரல் மரப்பது இதனாலேதான். சில நிமிடங்களில் உச்சத்தை எட்டித் தானே தணிந்துவிடும். இவ்வளவையும் ஒரு பிள்ளைக்குச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆயினும், ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாய் நிற்கும் அறையில் அந்த ஐந்து நிமிடம் எளிதில் கிடைப்பதன்று. அந்த டாக்டரை நான் நோகவில்லை.

நம் நகரத்தின் அமைப்பையே பாருங்கள். இளவரசி நிலோஃபர் பெயரால் விளங்கும் குழந்தைகள் மருத்துவமனை 1953இல் ஏற்பட்டது. அதே 1953இல்தான் மனநல மருத்துவமனை ஜால்னாவிலிருந்து எர்ரகட்டாவுக்கு வந்தது. உடல் ஒரு பக்கம், உள்ளம் வேறொரு பக்கம். லக்டி கா புல்லில் மெட்ரோ ஏறினால் ஏழாவது நிறுத்தம் எர்ரகட்டா. ஆனால் பயந்து நடுங்கும் பிள்ளையுடன் அந்த ஏழு நிறுத்தங்களைக் கடக்க எத்தனை தாய்மார் துணிவார்கள்? 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்ற பழம்பெயர் இன்னும் நம் வாயை விட்டுப் போகவில்லையே!

இதனினும் கொடியது ஒன்று உண்டு. 2019 ஏப்ரலில் தெலங்கானா இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளியானபோது மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தவறினர். மதிப்பெண் கணக்கில் குளறுபடிகளும் வெளிப்பட்டன. அடுத்த சில நாட்களில் இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர் எனப் பத்திரிகைகள் எழுதின. இத்தகைய முயற்சியில் பிழைத்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் பிள்ளையைப் பற்றி, "கைதவறி நேர்ந்தது" என்றே பெற்றோர் சொல்வதுண்டு. போலீஸ் அச்சம் ஒரு காரணம், ஊர்ப்பேச்சு மற்றொன்று. முதலாவது அச்சத்துக்கு இன்று பெரிதும் இடமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அரசு அவருக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்கிறது. 94ஆம் பிரிவோ, மனநல நிபுணர் இல்லாவிடினும், ஆபத்தான நிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர மனநல சிகிச்சை அளிக்கலாம் என்கிறது. பிள்ளையை உள்நோயாளியாக மனநல நிலையத்தில் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து தனியே வைக்க வேண்டும் என்பது 87ஆம் பிரிவு.

சட்டம் வழிவிட்டாலும் செய்முறை வேண்டுமன்றோ? அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகளுக்கான மூன்று அவசரப் பிரிவுகளில் 10 முதல் 21 வயது வரையுள்ள 524 பேரிடம் சோதித்து, நான்கே கேள்விகள் கொண்ட ஒரு முறையை 2012இல் வெளியிட்டனர். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்பதை நேராகவே கேட்பது அது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று அஞ்சுவோர் பலர். ஆராய்ச்சிகள் அதற்கு ஆதாரம் காணவில்லை. பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும் என்பது இதில் முக்கியம். அன்றிரவு என்ன நடந்தது? கேட்டவர் டாக்டர், மொழிபெயர்த்தவன் நான், பதில் சொன்னவர் தாய்! பையனின் வாய் திறக்கவே இல்லை.

நம் சென்னையும் பங்குகொண்ட ஆய்வு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலை முயற்சியில் பிழைத்து அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரு கூறாக்கினார்கள். ஒரு கூற்றினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அத்துடன், வீடு திரும்புமுன் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. 2008இல் வெளியான முடிவு: தற்கொலையால் இறந்தோர் முதற்கூற்றில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். புதிய மருந்து எதுவும் இல்லை. இது பெரியவர்களையும் சேர்த்துச் செய்த ஆய்வே. எனினும், "எப்படி இருக்கிறாய்?" என்று ஒன்பது முறை கேட்பதற்கு எந்த மருத்துவமனையிலும் பணம் ஒரு தடையாகாது என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் படித்த பின் ஒரு ஞாயிறன்று கீழே இறங்கிப் போனேன். பையனுக்கு அதற்குள் இருமுறை அதே படபடப்பு வந்திருந்தது. அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவையின் எண் 14416, தமிழிலும் பேசலாம். அக்காளின் சம்மதத்துடன் எண்ணைச் சுழற்றி, தமிழ் பேசுபவர் கிடைத்ததும் கருவியைப் பையனிடம் கொடுத்தேன். அவன் மொட்டை மாடிக்குப் போய்விட்டான். அக்காளும் பின்னாலேயே ஏற எழுந்தார். நான் அவரை உட்காரச் சொன்னேன். நாற்பது நிமிடம் இருவரும் படிக்கட்டிலேயே காத்திருந்தோம்.