வானத்துக் கண் பார்க்கும் பச்சை

பயிர் வெளுத்தா வரப்பில் நின்னபடியே நாம் கண்டுபிடிச்சிடுவோம். இப்போ செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, "உங்க வயலில் தழைச்சத்து குறைவு" என்று சொல்லும் காலம் வந்துவிட்டது. அதை எந்த அளவுக்கு நம்பலாம்? கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பதில் கிடைக்கும்.

நம் கண் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் கலவையாகத்தான் நிறத்தைப் பார்க்கிறது. ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவியோ, நிலத்தில் பட்டுத் திரும்பும் வெயிலை நூற்றுக்கணக்கான மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே அளக்கிறது. இலைப் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சும். இலையிலுள்ள நீர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் தடம் காட்டும். 2022 ஏப்ரல் 1 அன்று விண்ணுக்குப் போன ஜெர்மனியின் 'என்மேப்' இப்படி 420 முதல் 2450 நானோமீட்டர் வரை அளக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வாய்க்கால் தண்ணியை இருநூறு பாத்திக்குப் பிரிச்சா, ஒவ்வொன்னுக்கும் கொஞ்சம்தான் கிடைக்கும். ஒளியும் அப்படித்தான். போதுமான ஒளி சேர வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியும் பெரிய இடத்தைப் பார்க்க வேண்டும். என்மேப்பின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஏறக்குறைய 22 சென்ட்.

ஏவும் முன் இத்தகைய கருவிகளைக் குலுக்கிப் பார்ப்பார்கள். காற்றில்லாத அறையில் சூடும் குளிருமாக மாற்றி வைத்துச் சோதிப்பார்கள். வெளிச்ச அளவு தெரிந்த விளக்கைக் காட்டி, சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். தராசுக்கு எடைக்கல் வைப்பது போலத்தான். மேலே போன பிறகும் சோதனை நிற்பதில்லை. என்மேப் தனக்குள் இருக்கும் விளக்கையும், நேரடிச் சூரிய ஒளியையும், மூடியை மூடி இருட்டையும் பார்த்துத் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. கடைசியில் நிலத்திலும் ஆட்கள் கைக்கருவியோடு நடந்து அளந்து ஒப்பிடுகிறார்கள்.

கருவி செய்தவர்களே நிலத்தில் இறங்கிச் சரிபார்க்கும்போது, நாம் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாமா? 22 சென்ட்டில் நம்ம துவரை, கடலை, ஆமணக்கு, வரப்பு மரம் எல்லாம் கலந்து ஒரே புள்ளியாகிவிடும். வெளுப்புக்குத் தழைச்சத்துக் குறைவு மட்டும் காரணமில்லை. நீர் தேங்கினாலும், வேர் அழுகினாலும், இரும்புச்சத்து குறைந்தாலும் இலை வெளுக்கும்.

அதனால் யாராவது படம் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்க: எந்தத் தேதிப் படம்? ஒரு புள்ளி எத்தனை மீட்டர்? கலப்புப் பயிரில் சோதிச்சுப் பார்த்தீங்களா? பிறகு படம் காட்டும் இடத்துக்குப் போய், ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்க. உர மூட்டையைப் பற்றி அப்புறம் பேசலாம்.