ஏடிஎம் கார்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "தொடாதே, கெட்டுவிடும்" என்பதுதான். பயமின்றித் தொட்டு, மாற்றிப் பார்த்துப் பழகுவதற்கென்றே உருவாக்கப்பட்டது ராஸ்பெர்ரி பை. பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழக எளிய கம்ப்யூட்டர் இல்லையே என்ற கவலையில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஈபன் அப்டனும் அவரது நண்பர்களும் இதனை உருவாக்கினர். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் இது விற்பனைக்கு வந்தது.

புதுக்கடையில் எங்கள் வீட்டில் நான் பயன்படுத்துவது, 2019ல் வெளியான ராஸ்பெர்ரி பை 4 மாடல் பி. அதனை வைத்தே இங்கு விளக்குகிறேன்.

தேவையானவை

போர்டு, 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் டைப் சி பவர் அடாப்டர், மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள், யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ். எச்டிஎம்ஐ வசதியுள்ள டிவி இருந்தால் தனி மானிட்டர் வேண்டாம். பழைய மொபைல் சார்ஜரைச் செருகி மிச்சம் பிடிக்க வேண்டாம். மின்சாரம் போதாமல் போர்டு தானாக நின்று நின்று இயங்கும்.

கார்டைத் தயார் செய்தல்

இதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் முழுவதும் மெமரி கார்டில்தான் இருக்கும்.

1. உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும்.

2. கார்டை கார்டு ரீடரில் செருகவும். இமேஜரில் போர்டின் மாடல், ஆப்பரேட்டிங் சிஸ்டம், கார்டு ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுக்கவும். கார்டில் ஏற்கனவே உள்ள அனைத்தும் அழிந்துவிடும். எனவே தவறுதலாக உங்கள் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

3. அடுத்து யூசர் நேம், பாஸ்வேர்டு, வைபை விவரங்களைத் தரவும். எழுதி முடித்ததும் கார்டைப் போர்டில் செருகி, டிவியை இணைத்து, கடைசியாக மின் இணைப்பு தரவும்.

சில நிமிடங்களில் டெஸ்க்டாப் தோன்றும். பிள்ளைகள் எந்த செட்டிங்கை மாற்றிக் கெடுத்தாலும் கவலை இல்லை. கார்டில் மீண்டும் எழுதினால் புதியது போலாகிவிடும். தேவையான பைல்களை மட்டும் முன்கூட்டியே வேறிடத்தில் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விளக்கு

போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாக 40 பின்கள் இருக்கும். இங்கேதான் கவனம் தேவை. இந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5 வோல்ட் பட்டால் போர்டே பழுதாகலாம். அதைக் கார்டில் மீண்டும் எழுதிச் சரி செய்ய முடியாது.

5 வோல்ட் தரும் இரண்டு பின்களும் போர்டின் விளிம்பை ஒட்டிய வெளிவரிசையில் உள்ளன. நாம் உள்வரிசையை மட்டும் பயன்படுத்துவோம். மெமரி கார்டு இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணினால், உள்வரிசையில் ஐந்தாவது கிரவுண்ட், ஆறாவது ஜிபிஐஓ 17.

மின் இணைப்பைத் துண்டித்த பிறகே வயர்களை இணைக்கவும். ஆறாவது பின்னிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் (ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன்) வழியாக எல்இடியின் நீளக் காலுக்கும், ஐந்தாவது பின்னிலிருந்து குட்டைக் காலுக்கும் வயர் தரவும். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்து எல்இடியும் பின்னும் கெடும்.

இனி மெனுவில் ஸ்கிராட்ச் 3 புரோகிராமைத் திறக்கவும். இல்லையென்றால் ரெகமண்டட் சாப்ட்வேர் மூலம் இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். இடது கீழ் மூலையில் உள்ள எக்ஸ்டென்ஷன் பட்டனில் கிளிக் செய்து, ராஸ்பெர்ரி பை சிம்பிள் எலக்ட்ரானிக்ஸைச் சேர்க்கவும். பச்சைக் கொடி, பார்எவர், எல்இடி 17 ஆன், ஒரு விநாடி வெயிட், எல்இடி 17 ஆப், மீண்டும் ஒரு விநாடி வெயிட் என்று கட்டங்களை அடுக்கிக் கொடியில் கிளிக் செய்திடவும். விளக்கு கண் சிமிட்டும்!

மழைக்காலத்தில்

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். இடி இடித்தால் கரண்ட் போகும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பைல்கள் பழுதாகலாம். எனவே வேலை முடிந்ததும் ஷட்டவுன் தந்து, பச்சை விளக்கு மினுக்குவது நின்ற பிறகே ஸ்விட்சை அணைக்கவும். இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து என்ன?

மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அல்ட்ராசோனிக் சென்சார் கொண்டு அளக்கலாம். ஆனால் பரவலாகக் கிடைக்கும் எச்சிஎஸ்ஆர் 04 சென்சார் பதிலாகத் தருவது 5 வோல்ட். அதனை இரண்டு ரெசிஸ்டர்கள் மூலம் குறைத்த பிறகே பின்னில் தர வேண்டும். மோட்டாரை இயக்கும் 230 வோல்ட் வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

சாப்ட்வேரில் எதையும் துணிந்து மாற்றிப் பாருங்கள். வயரை மட்டும் இரண்டு முறை பார்த்து இணையுங்கள்.