சாம்பலில் பதிந்த காலடி

ஈர மண்ணில் நடந்து பாருங்கள். காலடி பதியும். குதிகால் ஆழமாக விழும். முன்னால் ஐந்து விரல்களும் தெரியும்.

இதே போன்ற காலடிகள் ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில் கிடைத்தன. ஊர்ப் பெயர் லேட்டோலி. 1978-ஆம் ஆண்டு மேரி லீக்கி என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர் கண்டார்கள். அவற்றின் வயது என்ன தெரியுமா? சுமார் 36 லட்சம் ஆண்டுகள்!

மழை பெய்தால் காலடி அழிந்து விடுமே! இது எப்படி அழியவில்லை?

எரிமலை ஒன்று சாம்பலைக் கக்கியது. அதன்மேல் மழை தூறியது. சாம்பல் சிமெண்டுக் கலவை போல் ஆனது. அதில் சிலர் நடந்து போனார்கள். பிறகு அது இறுகியது. மேலும் சாம்பல் விழுந்து மூடிக்கொண்டது.

பெரிய காலடி. அருகில் சிறிய காலடி. சுமார் 27 மீட்டர் தூரம் போகின்றன. கை ஊன்றிய தடம் எங்கும் இல்லை. சிம்பன்சிக் குரங்கின் கால் பெருவிரல் கிளையைப் பிடிக்க வசதியாக விலகி நிற்கும். இந்தக் காலடியில் பெருவிரல் நம்முடையதைப் போல் முன்னோக்கி இருக்கிறது. (சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. இதைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள்.)

எத்தியோப்பியா நாட்டில் 1974-இல் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. லூசி என்று பெயர் வைத்தார்கள். வாழ்ந்தது 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன். உயரம் மூன்றரை அடிதான். இவளும் நிமிர்ந்து நடந்தவள். ஆனால் இவள் இனத்தாரின் மூளை நம் மூளையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

முதலில் மூளை பெரிதானது, பிறகே மனிதன் எழுந்து நடந்தான் என்று அறிஞர்கள் பலர் முன்பு நம்பினார்கள். நடந்தது நேர்மாறு. கால்தான் முந்தியது. கைகள் ஓய்ந்தன. பிள்ளையைத் தூக்கின, உணவைச் சுமந்தன, பின்னர் கருவி செய்தன.

இதற்கு விலையும் உண்டு. உடல் பாரம் முழுவதும் முதுகெலும்பின் அடிப்பகுதியில் இறங்குகிறது. நம்மில் பலருக்கு இடுப்பு வலி வர இதுவும் ஒரு காரணம். நடப்பதற்கு ஏற்ப இடுப்பெலும்பும் மாறியது. பின்னர் மூளை வளர, குழந்தையின் தலை பெரிதானது. வழியோ குறுகல். அதனால் குழந்தை திரும்பித் திரும்பி வெளியே வருகிறது. பெரும்பாலும் முகம் தாயின் முதுகுப் பக்கம் பார்த்தபடி பிறக்கிறது. தாயே குனிந்து எடுப்பது கடினம். பிரசவத்தின்போது அருகில் இன்னொருவர் இருந்து குழந்தையை ஏந்த வேண்டியிருக்கிறது.