மலைநாட்டின் இளங்கோடை: பருவ மதிப்பீட்டைப் படிக்கும் முறை

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது சமவெளியில் வழங்கும் பழமொழி. நீலகிரி மலைக்கு அது முழுமையாகப் பொருந்துவதில்லை. அங்கே மானாவாரி உருளைக்கிழங்கின் கார்போகம், பங்குனி சித்திரை மாதங்களில் பெய்யும் கோடை மழையை நம்பியே தொடங்குகிறது. ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் விதைக் கிழங்கு வேண்டும். அதற்கான பணம் பலருக்குச் சங்கக் கடனாகவே கிடைக்கிறது. ஆகவே, இளங்கோடை மழை எப்போது வரும் என்பது விவசாயியின் கவலை மட்டுமன்று. சங்கத்தின் கவலையும் ஆகும்.

மலையில் உள்ள ஒரு சங்கத்தின் கணக்குகளை நாம் பார்வையிட்டபோது, தவணை கடந்த கடன்களின் பட்டியலில் ஒரு பெயரைக் கண்டு வியந்தோம். அவர் என்றும் தவணை தவறாதவர். காரணம் கேட்டதற்கு, “இந்தக் கோடையில் இயல்புக்கு அதிகமாக மழை பெய்யும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது, ஐயா. முதல் மழையிலேயே விதை முழுவதையும் ஊன்றிவிட்டேன்” என்றார். அதன்பின் மூன்று வாரம் மழையே இல்லை. முளைத்த கிழங்கு மண்ணிலேயே சுருங்கிற்று. சித்திரைக் கடைசியில் பத்து நாள் கொட்டித் தீர்த்தது. கணக்குப் பார்த்தால், அந்தக் கோடையின் மொத்த மழை இயல்புக்கு மிஞ்சியே இருந்தது! அறிவிப்புப் பொய்க்கவில்லை, அதைப் பொருள் கொண்ட முறையே பிழையாயிற்று. அப்பிழை மற்ற அங்கத்தினர்க்கும் நேராதிருக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. மதிப்பீடு சொல்வது என்ன?

1875-ல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை, பிப்ரவரி இறுதியை ஒட்டி மார்ச் முதல் மே வரையிலான கோடைக்குரிய மதிப்பீட்டை வெளியிடுகிறது. பழைய ஆண்டுகளின் மழையளவை வரிசைப்படுத்தி மூன்று சம பங்காக்கினால் குறைவு, இயல்பு, அதிகம் என்ற மூன்று கூறுகள் கிடைக்கும். வேறு செய்தி எதுவும் இல்லாதபோது ஒவ்வொரு கூறுக்கும் ஏறக்குறைய 33 சதவீத வாய்ப்பு உண்டு. ‘அதிக மழைக்கு 50 சதவீத வாய்ப்பு’ என்று அறிவித்தால், அத்தகைய அறிவிப்பு வந்த பத்து ஆண்டுகளில் சுமார் ஐந்து ஆண்டுகள் மிகுதியாகப் பெய்யும் என்று பொருள். எஞ்சிய ஐந்தில் இயல்பாகவோ குறைவாகவோ பெய்யும். தராசு ஒரு பக்கம் சாய்வதை அது காட்டுகிறது, வாக்குறுதி அளிப்பதில்லை. மேலும், அது பருவத்தின் மொத்த மழையைப் பற்றியது. எந்த வாரம் பெய்யும் என்பதை அதில் தேடலாகாது.

2. மலைக்கு உரிய வேறுபாடு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறைகிறது. ஆயினும், பருவ வரைபடத்தில் இவ்விரண்டு ஊர்களும் ஒரே நிறத்தில் அடங்கிவிடக் கூடும். கோடை மழையோ இடிமழை. முற்பகல் வெயிலில் மலைச்சரிவு காய்கிறது, ஈரக்காற்று மேலெழுகிறது, பிற்பகலில் மேகம் திரள்கிறது. ஒரு மேட்டில் கொட்டும் மழை அடுத்த பள்ளத்தில் தூறலாகவும் விழாமற் போவதுண்டு. மாவட்டத்தின் சராசரி நமது நிலத்தின் மழையாகாது என்பதை மறத்தல் கூடாது.

மழை மிகுந்தால் எல்லாம் நன்மை என்பதும் தவறு. ஈரமும் குளிரும் நீடித்தால் உருளைக்கிழங்கில் இலைக்கருகலும் தேயிலையில் கொப்புள நோயும் தலையெடுக்கும். வறட்சி நீடித்தால் தேயிலையைச் சிவப்புச் சிலந்தி தாக்கும்.

3. சங்கங்கள் செய்யத் தக்கவை

(அ) பருவ மதிப்பீட்டைக் கடன் திட்டத்திற்கும் மருந்துக் கையிருப்பிற்கும் வழிகாட்டியாகக் கொள்க. ஊன்றும் நாளைத் தீர்மானிக்க, வாரம் இருமுறை வெளிவரும் வேளாண் வானிலை அறிக்கையில் உள்ள ஐந்து நாள் முன்னறிவிப்பைப் பார்க்க. காரியதரிசி அதனைச் சங்கப் பலகையில் எழுதிவைத்தல் நலம்.

(ஆ) சங்கக் கட்டிடத்தருகே ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவைக் குறித்து வருக. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்குச் சுமார் 4,047 லிட்டர் நீர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். ஐந்து மில்லிமீட்டர் மழை மேல்மண்ணை நனைப்பதோடு சரி. அதை நம்பி விதையை இறக்கலாகாது.

(இ) விதை முழுவதையும் ஒரே மழையில் ஊன்றாமல் இரண்டு, மூன்று தவணையாகப் பிரித்து ஊன்றுக. கடனையும் அதற்கேற்பத் தவணையாக வழங்கலாம்.

(ஈ) பயிர்க் காப்பீட்டிற்கு உரிய கடைசி நாள் மழைக்காகக் காத்திராது. கட்டணத்தை முன்னதாகவே செலுத்துக.

நெசவாள அங்கத்தினர்க்கும் இதில் பயன் உண்டு. அடிவாரத்து ஊர்களில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவோர், பிற்பகலில் இடிமழை வரக்கூடிய நாட்களை முன்னறிந்தால் நூலையும் கூலியையும் காக்கலாம்.

மேற்கூறிய அங்கத்தினர் மறு ஆண்டு மூன்று தவணையாக ஊன்றினார். முதற்பகுதி வாடிற்று, மற்ற இரண்டும் தேறின. பழைய பாக்கியில் பெரும்பகுதி அடைபட்டது. வானத்தை நம்மால் திருத்த இயலாது. நட்டத்தைச் சிறிதாக்கிக் கொள்ள இயலும்.

கூடி ஆலோசிக்க:

1. நமது ஊரில் சென்ற கோடையின் முதல் நல்ல மழை எந்த நாளில் பெய்தது? எழுதிவைத்த குறிப்பு உண்டா?

2. விதைக் கடனைத் தவணையாக வழங்க நமது சங்கத்தில் என்ன தடை? அதை நீக்குவது எவ்வாறு?