ஓதமும் ஒளியும்

கடல் ஓயாது அசைவது. அவ்வசைவு இருவகைப்படும். காற்று நீரின்மேல் மோதி எழுப்புவது அலை. திங்களும் ஞாயிறும் ஈர்த்தலால் கடல் ஏறுவதும் வடிவதும் ஓதம். காற்று அடங்கினால் அலை தணியும். ஓதமோ காலம் தவறுவதில்லை. ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை கடல் ஏறி வடிகின்றது. நிறைமதி நாளிலும் மறைமதி நாளிலும் அவ்வேற்றம் மிகும். இவ்விரு நாளையும் நம் முன்னோர் 'உவா' என்னும் ஒரே சொல்லால் வழங்கினர். வெள்ளுவா, காருவா என அடைகொடுத்துப் பிரித்தனர். வானத்தில் ஒளியும் இருளுமாக வேறுபட்ட அந்நாள்கள் கடற்கரையில் ஒரு தன்மையன அல்லவா?

அலையிலிருந்தும் மின்சாரம் பெறலாம். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து அறிஞர்கள், கேரளத்து விழிஞத்தில் 1991-ஆம் ஆண்டில் அத்தகைய நிலையம் ஒன்றை நிறுவினர். அலை ஓர் அறைக்குள் ஏறி இறங்க, ஆங்குள்ள காற்று அழுந்தியும் விரிந்தும் சுழலியைச் சுழற்றிற்று. 150 கிலோவாட் ஆற்றலுடைய அந்நிலையம் ஆராய்ச்சிக்கென எழுந்தது, இன்று இயங்கவில்லை. ஓதமோ பேரளவில் பயன் தந்துள்ளது. அதற்குச் சிறந்த சான்று பிரான்சு நாட்டு ரான்சு ஆற்றின் கழிமுகம்.

ஓதம் எங்கும் ஒரே அளவினதன்று. சென்னைக் கடற்கரையில் அது ஏறக்குறைய ஒரு மீட்டரே ஏறும். ரான்சின் முகத்திலோ, கடற்கரையின் அமைப்பினால், உவா நாள்களில் 13 மீட்டர் வரையில் ஏறுகின்றது. நான்கு மாடி வீட்டின் உயரம் எனலாம். பண்டே அங்கு வாழ்ந்தோர் ஏறிய நீரைச் சிறு கரைகளால் தேக்கி, வடியும்போது திறந்துவிட்டு, மாவு அரைக்கும் ஆலைகளை ஓட்டினர். அதே வழியைப் பொறியாளர் பெரிதாக்கினர். 750 மீட்டர் நீளமுள்ள அணை 1961-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது; 1966-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் குடியரசுத் தலைவர் டி கோல் நிலையத்தைத் திறந்துவைத்தார். அதன் 24 சுழலிகளும் ஒவ்வொன்றும் 10,000 கிலோவாட் ஆற்றலுடையன. ஆண்டிற்கு ஏறத்தாழ 50 கோடி யூனிட் மின்சாரம் அங்கே பிறக்கின்றது.

அது வேலை செய்யும் முறை எளிது. கடல் ஏறும்போது மதகுகள் திறந்திருக்கும். நீர் உட்புகுந்து கழிமுகத்தை நிரப்பும். ஏற்றம் முடிந்ததும் மதகுகளை மூடுவர். வெளியே கடல் வடிய வடிய, உள்ளே நீர் உயர்ந்து நிற்கும். போதிய உயர வேறுபாடு உண்டானதும் அந்நீரைச் சுழலிகளின் வழியே விடுவர்.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. கடலும் கழிமுகமும் ஒத்த மட்டத்தில் நிற்கும் வேளையில், அச்சுழலிகளையே இறைக்கும் பொறிகளாக்கி மேலும் சிறிது நீரை உள்ளே ஏற்றுவர். மின்சாரம் உண்டாக்கும் நிலையம் மின்சாரத்தைச் செலவிடுவது பேதைமையன்றோ எனின், அன்று. ஒரு முழம் ஏற்றிய நீர் சில மணி நேரம் கழித்துப் பல முழம் வீழ்கின்றது. இடையில் கடலே தாழ்ந்துவிடுகின்றதன்றோ! மிச்ச வேலையைத் திங்கள் செய்து முடிக்கின்றது.

ஆயினும் இவ்வொளிக்கு விலை உண்டு. அணை கட்டுவதற்காக 1963 முதல் 1966 வரை கழிமுகம் கடலினின்று அடைக்கப்பட்டது. ஓதம் நின்றது, நீரின் உப்பு குறைந்தது, சேறு படிந்தது. அங்கு வாழ்ந்த கடலுயிர்கள் ஏறக்குறைய முற்றும் அழிந்தன. மதகுகள் திறந்த பின்னர் உயிரினங்கள் மெல்லத் திரும்பின. அவை நிலைபெறப் பத்தாண்டு அளவு சென்றது. திரும்பியவை யாவும் பழையவை அல்ல. சில மீன்கள் குறைந்தன, வேறு சில பெருகின. சேறு படிதல் இன்றும் தீராத தொல்லையாக உள்ளது. புகையில்லா மின்சாரம் என்பது மெய்யே. அடைபட்ட மூன்றாண்டில் கழிமுகம் இழந்ததையும் அக்கணக்கில் எழுதுதல் முறை.

தென் கொரிய நாட்டிலோ இதற்கு மாறான செய்தி ஒன்று நிகழ்ந்தது. ஆங்குச் சீவா என்னும் இடத்தில் வேளாண்மைக்கு நன்னீர் தேக்கும் எண்ணத்துடன் கடலின் குறுக்கே 12.7 கிலோமீட்டர் நீளமுள்ள சுவரை 1994-ஆம் ஆண்டில் கட்டிமுடித்தனர். நீர் வந்து போகும் வழி அடைபட்டது. ஆலைக்கழிவும் ஊர்க்கழிவும் தேங்கி ஏரி நாறிற்று. நன்னீர் எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது. பின்னர் அச்சுவரிலேயே 10 சுழலிகளைப் பொருத்தி, 2011-ஆம் ஆண்டில் 2,54,000 கிலோவாட் நிலையம் ஒன்றை இயக்கினர். ஆற்றலில் அது ரான்சினும் சற்றுப் பெரிது. கடல் ஏறும்போது நீர் சுழலிகளைச் சுழற்றிக்கொண்டு ஏரிக்குள் பாய்கின்றது. வடியும்போது மதகுகளின் வழியே வெளியேறுகின்றது. இவ்வாறு நாள்தோறும் புதுநீர் புகுந்து பழைய நீரைக் கலக்கிச் செல்ல, ஏரியின் நீர் முன்னினும் தூய்மை பெற்றுள்ளது.